காஞ்சொறியும் உகாயும்: இரண்டு வண்ணத்துப்பூச்சிகளை ஒப்பிடப் பழகுவோருக்கு

வண்ணத்துப்பூச்சி பார்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நம்ம நாட்டில எத்தனை வகை இருக்கு டீச்சர்?" என்றுதான். இலங்கையில் சுமார் 250 இனங்கள் என்றதும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். மீதிப் பேர் ஒரு படப்புத்தகம் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து பெயர்களை மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள். மூன்று வாரத்தில் அந்தப் புத்தகம் அலுமாரிக்குள் போய்விடும்.

நான் சொல்லும் வழி வேறு. இரண்டே இரண்டு இனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் வீட்டருகே பறப்பது. மற்றது, உங்கள் ஊரின் குளிருக்கும் மண்ணுக்கும் எந்த வகையிலும் ஒத்துவராத ஊரில் பறப்பது. ஒரு வருடம் அந்த இரண்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அவற்றைப் பார்க்கும் பழக்கம் கைவந்துவிட்டால் மற்றவற்றைப் பார்க்கும் கண் தானாக வரும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாமே இயல்பாகத் தோன்றும். இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால்தான் "இது ஏன் இப்படி?" என்ற கேள்வி வரும்.

நான் நுவரெலியா மலைப்பக்கத்துக் கந்தப்பளையில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை. அக்கா வாழ்க்கைப்பட்டது வடமேற்குக் கடற்கரையிலுள்ள மன்னாரில். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அங்கே போய்வர வேண்டியிருந்ததால் எனக்கு இந்த இரண்டு ஊரும் வாய்த்தன. உங்களுக்கு வாய்ப்பது வேறு ஊர்களாக இருக்கலாம். வழிமுறை ஒன்றுதான்.

எந்த இரண்டு?

மலைக்கு நான் எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தில் இண்டியன் ரெட் அட்மிரல் எனப்படுவது. அறிவியற் பெயர் வனேசா இண்டிகா. கறுத்த முன்சிறகின் குறுக்கே தணல் போன்ற ஒரு செம்பட்டை, சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டுகள். பின்சிறகு பழுப்பு, அதன் ஓரத்தில் மட்டும் செம்மஞ்சள் கரை, அதில் கறுப்புப் புள்ளிகள். விரித்தால் 6 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்காக இதற்கு நான் வைத்த பெயர் தணல்வரியன்.

கடற்கரைக்கு எடுத்துக்கொண்டது ஸ்மால் சால்மன் அராப், அறிவியற் பெயர் கொலோட்டிஸ் அமாட்டா. சால்மன் மீனின் நிறம் நமக்கெங்கே தெரியும்? அவித்த இறாலின் நிறம் என்றால் உடனே புரியும். அந்த இளஞ்சிவப்பைச் சுற்றிக் கறுப்புக் கரை, கரைக்குள் வெளிர் பொட்டுகள். சிறகை மூடினால் மங்கிய பச்சை மஞ்சள். பெண்களில் சில இறால் நிறமில்லாமல் வெள்ளையாகவே இருக்கும். முதல் நாளிலேயே அதைத் தெரிந்துகொண்டால் "இது வேறு இனம்" என்று ஏமாற மாட்டீர்கள். அளவு ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். இது நம் இறால்வண்ணன்.

இந்த இரண்டு பெயரும் என் வகுப்பறையில் பிறந்தவை. வெளியே யாரிடமும் பேசும்போது அறிவியற் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், குழப்பம் வராது.

இரண்டும் இலங்கைக்கு மட்டுமே உரியவை அல்ல. தணல்வரியனின் உறவுகள் நீலகிரியிலும் இமயமலைப் பக்கத்திலும் கிழக்காசியாவிலும் இருக்கின்றன. இறால்வண்ணனின் உறவுகள் இந்தியாவின் வறண்ட நிலங்களிலும் அரபு நாடுகளிலும் ஆபிரிக்காவிலும் இருக்கின்றன. குளிர்மலைகளின் பூச்சியொன்றும் பாலை நிலங்களின் பூச்சியொன்றும் இந்தச் சிறு தீவுக்குள் ஒரு பகல் பஸ் பயணத்தூரத்தில் இருப்பதை முதன்முதலில் உணர்ந்தபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முதலில் செடியைத் தேடுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, பூவின் பக்கத்தில் போய் நிற்பது. பூ என்பது தேநீர்க்கடை மாதிரி. யாரும் வருவார்கள், குடிப்பார்கள், போவார்கள். வண்ணத்துப்பூச்சியின் வீடு அதன் புழு தின்னும் செடி. அந்தச் செடி இல்லாத ஊரில் அந்தப் பூச்சி குடியிருக்காது. ஆகவே சிறகைத் தேடி அலைய வேண்டாம், செடியைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் உட்காருங்கள்.

தணல்வரியனின் செடி, தொட்டால் சுணைக்கும் காஞ்சொறிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோட்டத்தில் நாம் காஞ்சொறி என்பது ஆளுயரம் வரை வளர்ந்து, அகன்ற பல்விளிம்பு இலைகளோடு நிற்கும் மலைச்செடி. கீழ்நாட்டில் அதே பெயரில் ஒரு கொடியும் உண்டு. அது முற்றிலும் வேறு குடும்பம், அதில் தேடிப் பயனில்லை. நம்முடையது ஓடையோரம், கான் (வடிகால்) ஓரம், லயத்து வீடுகளுக்குப் பின்னால் குப்பை கொட்டிச் செழித்த ஈரமண், தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையின் எல்லை போன்ற இடங்களில் மண்டும். அதன் ஒவ்வொரு மயிரும் நுனி உடையும் கண்ணாடி ஊசி போன்றது. பட்டதும் உடைந்து சாற்றைத் தோலுக்குள் ஏற்றும். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து இல்லாமல் கிட்டே போக வேண்டாம். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இறால்வண்ணனின் செடிகள் இரண்டு. ஒன்று உகாய். சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக வருகிற அதே உகாய்தான். மன்னாரில் அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. மிஸ்வாக் என்றால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். பல் துலக்கும் குச்சி ஒடிக்கிற மரம் அது. மற்றது முட்சங்கு என்கிற முட்பற்றை, இலைக் கணுக்களில் நான்கு நான்கு முள்ளோடு இருக்கும். எருக்கலம்பிட்டியில் நான் பற்றைகளைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்த ஒரு பெரியவர், "பிள்ளை, என்ன தேடுறீங்க? அது மிஸ்வாக் பத்தை. வேணுமெண்டா நல்ல குச்சியா ஒடிச்சுத் தாறன்" என்று வந்தார். குச்சி தந்தார். கடித்துப் பார்த்தேன். முள்ளங்கியும் கடுகும் கலந்த ஒரு காரம்.

அந்தக் காரத்தை நீங்களும் ஒருமுறை நாக்கில் வைத்துப் பாருங்கள், அதில் ஒரு பாடம் இருக்கிறது. கடுகிலும் கோவாவிலும் முள்ளங்கியிலும் முருங்கையிலும் உள்ள கடுகெண்ணெய்க் காரம்தான் உகாயிலும் இருக்கிறது. பெரும்பாலான பூச்சிகளுக்கு அது நஞ்சு. இறால்வண்ணன் சேர்ந்த வெள்ளை-மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தில் பல இனங்கள், குடலுக்குள் அந்தக் காரம் உண்டாகாமல் கேடு குறைந்த பொருளாகத் திருப்பிவிடும் ஒரு புரதத்தைப் பெற்றிருக்கின்றன. ஒரு செடி ஊசியால் தன்னைக் காக்கிறது, மற்றது காரத்தால் காக்கிறது. அந்தக் காவலுக்குள்ளேயே ஒரு சின்னப் புழு வீடு கட்டிவிடுகிறது.

கொப்பி, வெப்பமானி, உங்கள் உடம்பு

அதிகம் வாங்க வேண்டியதில்லை. ஒரு கொப்பி, பென்சில் (மலை மூடுபனியில் பேனா மை கரைந்துவிடும்), சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி, கமரா உள்ள போன். கிட்டத்தில் குவியக்கூடிய தொலைநோக்கி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தடையில்லை. வலை வேண்டவே வேண்டாம். பல வண்ணத்துப்பூச்சி இனங்கள் நம் நாட்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவுக்குள் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கையில் பிடித்த பூச்சி தன் இயல்பில் எதையும் செய்யாது, நீங்கள் பார்க்க வந்ததே அந்த இயல்பைத்தான்.

கொப்பியில் ஒவ்வொரு தடவையும் இவற்றை எழுதுங்கள்: திகதி, நேரம், வெயிலா மப்பா, நிழலில் வெப்பநிலை, பூச்சி பறந்த உயரம், உட்கார்ந்தபோது சிறகு விரிந்திருந்ததா மூடியிருந்ததா, என்ன செய்தது, பக்கத்தில் என்ன செடி. உயரத்தை மீற்றரில் ஊகித்து எழுத வேண்டாம். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தலை, கைக்கு எட்டாதது என்று எழுதுங்கள். நம் உடம்பு எந்த ஊரிலும் அதே அளவுதான், ஆகவே ஒப்பிடுவது எளிது.

ஒரு செடியின் முன் 15 நிமிடம். அதைவிடக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மலையில் 15 நிமிடம் என்றால் கடற்கரையிலும் 15 நிமிடம். எதுவும் வரவில்லை என்றால் "எதுவும் வரவில்லை" என்றே எழுதுங்கள். என் கொப்பியில் அந்த வரிதான் அதிகம். ஒரு வருடம் கழித்துப் புரட்டியபோது அந்த வெற்று வரிகள்தான் எனக்கு அதிகம் சொல்லின. எந்த வெப்பநிலைக்குக் கீழே தணல்வரியன் வெளியே வருவதில்லை என்பதை அவற்றிலிருந்துதான் கண்டுகொண்டேன்.

மலையில் ஒரு காலை

ஜனவரி முதல் மார்ச் வரை நுவரெலியாப் பக்கத்தில் காலை வெளித்துக் கிடக்கும். இரவில் புல்லில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. விடிந்ததும் ஓட வேண்டாம். வெயில் தேயிலை மட்டத்தில் விழுந்து, பனி உலர்ந்த பிறகு, 9 மணிக்குக் காஞ்சொறிப் பக்கம் போங்கள். 12 மணிக்குள் வந்துவிடுங்கள்; பின்னேரம் பெரும்பாலும் மூடுபனி இறங்கிவிடும்.

முதலில் தரையையும் கல்லையும் பாருங்கள். வெயில் படும் பாறை, ஸ்டோருக்குப் போகும் பாதையின் கருங்கல் விளிம்பு, தகரக் கூரை. தணல்வரியன் அங்கே சிறகை முழுதாக விரித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். அது ஓய்வெடுக்கவில்லை, அடுப்பு மூட்டுகிறது. வண்ணத்துப்பூச்சி நன்றாகப் பறக்க அதன் நெஞ்சுத் தசை சுமார் 30 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு வர வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகைதான். அந்தக் குறையை வெயிலில் காய்ந்துதான் நிரப்ப வேண்டும். சிறகின் நுனியில் படும் வெப்பம் உடம்புக்கு அதிகம் வந்து சேராது. உடம்பை ஒட்டிய அடிப்பாகம் உறிஞ்சுவதுதான் பயன்படும். தணல்வரியனில் அந்த இடம் எவ்வளவு கருமையாகவும் மயிரடர்ந்தும் இருக்கிறது என்று கவனியுங்கள். குளிரூர்க்காரர் போர்த்திக்கொள்ளும் கம்பளி அது.

சூடேறியதும் பாய்ந்து பறக்கும். தலைக்கு மேலே, சில நேரம் மரவுச்சிக்கு. இன்னொரு பூச்சி அந்தப் பக்கம் வந்தால் துரத்தும். துரத்திவிட்டு அதே கல்லுக்குத் திரும்பிவரும். ஆகவே அது எழுந்து பறந்ததும் பின்னால் ஓடாதீர்கள். அசையாமல் நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் உங்கள் முன்னாலேயே வந்து உட்காரும். ஒருமுறை ஏழாம் நம்பர் மலையில் நான் இப்படி நின்றதைப் பார்த்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி, "டீச்சர், காஞ்சொறி பக்கத்துல போயி யாருக்குக் காத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். கல்லைக் காட்டினேன். பூச்சி திரும்பி வந்து உட்கார்ந்தது. கூடையை இறக்காமலே ஐந்து நிமிடம் என்னோடு நின்று பார்த்தாள். அடுத்த வாரம் அவளே வந்து, இன்னொரு கல்லில் இன்னொன்று இருப்பதாகச் சொன்னாள்.

பூவைவிடக் கசிவுகளில் அதிகம் பார்க்கலாம். மரப்பட்டையில் வழியும் சாறு, விழுந்து அழுகிய பேரிக்காய். தோட்டத்து வீட்டில் பேரிமரம் இருந்தால் அதன் அடியில் ஒரு 15 நிமிடம் கட்டாயம் ஒதுக்குங்கள். அங்கே சிறகை மூடி உட்கார்ந்தால் மட்டும் கண்ணுக்கே படாது. அடிப்பக்கம் காய்ந்த பட்டையின் நிறத்தில் கலந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதன் நெருங்கிய உறவான பெயின்டட் லேடி என்ற இனமும் மலையில் பறக்கிறது. முதல் மூன்று மாதம் நான் அதையும் தணல்வரியன் என்றே எழுதிவிட்டேன். அந்தப் பக்கங்களை எல்லாம் அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. பின்சிறகைப் பாருங்கள். பின்சிறகு முழுவதும் வெளிர் செம்மஞ்சளாக இருந்தால் அது பெயின்டட் லேடி. பழுப்பாக இருந்து ஓரத்தில் மட்டும் செம்மஞ்சள் இருந்தால் நம்முடையது.

மன்னாருக்கு இறங்குவது

நுவரெலியாவிலிருந்து கண்டி, தம்புள்ளை, அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை கூடும் என்பது பொதுக் கணக்கு. பெருக்கிப் பாருங்கள்: 12 பாகை. மன்னாரின் சராசரி 28 பாகைக்கு அருகில் வரும். கையில் வெப்பமானியை வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடங்களிலெல்லாம் குறித்துக்கொண்டு போங்கள். ஒப்பீடு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

போக நல்ல காலம், வடகிழக்குப் பருவமழை விட்ட பிறகு. மழைக்குப் பின் உகாயும் முட்சங்கும் தளிர்விட்டிருக்கும், புழுவுக்குத் தளிர் வேண்டும். தலைமன்னார் வீதியோரம், பேசாலைப் பக்கம், திருக்கேதீஸ்வரத்தைச் சுற்றிய பற்றைகள் எல்லாம் பார்க்கத் தகுந்தவை. குடைபோல விரிந்து நிற்கும் உடைமரங்களுக்கு அடியிலும் இடையிலும் உகாய்ப் பற்றை நிற்கும். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் உள்ள இடத்தில் நுழையாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர் குறைந்தது 2 லீற்றர், தொப்பி, தடித்த அடியுள்ள சப்பாத்து. முள் செருப்பைத் துளைக்கும்.

நேரத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். மலையில் 9 மணிக்குத் தொடங்கினோம். இங்கே 7 மணிக்கே தொடங்கி 10 மணிக்கு முடித்துவிடுங்கள், பிறகு பின்னேரம் 4 மணிக்குமேல். கண்ணையும் இறக்க வேண்டும். என் முதல் மன்னார்ப் பயணத்தில் மலைப் பழக்கத்தில் மேலேயே பார்த்துக்கொண்டு நடந்தேன், அரை நாள் வீணாயிற்று. இறால்வண்ணன் பறப்பது முழங்கால் உயரத்தில், பல நேரம் கணுக்கால் உயரத்தில். மெதுவாக, பற்றையைச் சுற்றியே. தன் செடியை விட்டுத் தூரம் போகாது. நான் ஒரே பற்றையில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அவையும் அந்த ஒரே பற்றையில் காலை முழுவதும் இருந்தன. விடிந்த வெயிலில் சிறகைச் சற்று விரித்து உட்கார்ந்தவை, வெயில் ஏற ஏற மூடிக்கொண்டன. 11 மணிக்கு மேல் நிழலுக்குள் போய்விட்டன. தணல்வரியன் வெயிலைத் தேடி அலைகிற அதே மணிநேரத்தில் இது வெயிலிலிருந்து ஒளிகிறது. கொப்பியின் இரண்டு பக்கத்தையும் விரித்து இந்த ஒரு வரியை எதிரெதிரே எழுதிப் பாருங்கள், பயணச் செலவு தீர்ந்துவிடும்.

தன் செடியை விட்டுப் போகாத பூச்சி என்றால் அந்தப் பற்றையை வெட்டினால் அதற்குப் போக்கிடமில்லை என்றும் பொருள். காணி துப்பரவு செய்யும்போது முதலில் வெட்டப்படுவது இந்த முட்பற்றைகள்தான். அக்காவின் வேலியோரத்தில் ஒரு முட்சங்குப் பற்றையை வெட்டாமல் விட்டிருக்கிறோம்.

முட்டை, புழு, கூடு

மலையில் காஞ்சொறி இலையின் மேல் சின்னப் பச்சைப் புள்ளியாக, ஒவ்வொன்றாகத் தனித்தனியே முட்டை இருக்கும். தேடுவது கடினம், புழுவின் கூடாரத்தைத் தேடுவது எளிது. ஓர் இலையின் இரண்டு ஓரமும் மேலே இழுத்து நூலால் தைத்ததுபோல் மடிந்திருந்தால் உள்ளே முள்ளு முள்ளான ஒரு புழு தனியாக இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்காதீர்கள். வெயிலுக்கு எதிராக நின்று பார்த்தால் நிழல் தெரியும், அது போதும். கிளை விட்ட அந்த முட்களைக் கண்டு பயப்பட வேண்டாம். உங்களைச் சுணைக்க வைப்பது செடி, புழு அல்ல. தோட்டத்தில் கம்பளிப்பூச்சி என்று எல்லாவற்றையும் நசுக்குகிறோம், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மயிர்க்கொட்டி என்று நசுக்குகிறார்கள். உண்மையில் நமைச்சல் தருபவை பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் புழுக்கள்.

மன்னாரில் இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டைகள் அடிப்பக்கத்தில் கூட்டமாக இருக்கும். புழுக்களும் சேர்ந்தே தின்னும். மொழுமொழுவென்று பச்சை, முள் கிடையாது. கூட்டுப்புழுவிலும் வேறுபாடு. தணல்வரியனின் கூடு வாலால் கட்டித் தலைகீழாகத் தொங்கும். இறால்வண்ணனின் கூடு, தென்னை ஏறுகிறவர் இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்திருப்பது போல, இடுப்பில் ஒரு நூலைக் கட்டித் தண்டில் சாய்ந்திருக்கும்.

இன்னொன்று, கால். உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி எண்ணுங்கள். இறால்வண்ணன் ஆறு காலில் நிற்கும். தணல்வரியன் நான்கு காலில் நிற்கும். முன்னிரு கால்கள் சுருங்கித் தூரிகைபோல மார்போடு ஒட்டியிருக்கும்.

குலத்தால் வந்ததா, நிலத்தால் வந்ததா?

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். இவ்வளவு வேறுபாடுகள் கொப்பியில் சேர்ந்ததும் "குளிரான ஊர் என்பதால் நான்கு கால், சூடான ஊர் என்பதால் ஆறு கால்" என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். இந்த இரண்டு பூச்சிகளும் வாழ்வது இரண்டு நிலத்தில் மட்டுமல்ல, பிறந்ததும் இரண்டு குலத்தில், அதாவது இரண்டு வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தில். ஒன்றிலிருக்கும் பழக்கம் குலத்திலிருந்து வந்திருக்கலாம், நிலத்திலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டு பூச்சியை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் எதிர்க்குலத்துப் பூச்சி ஒன்றைச் சாட்சிக்கு அழையுங்கள். மன்னாரில் எருக்கலையில் பறக்கும் பிளெயின் டைகர் இருக்கிறது. எருக்கலம்பிட்டியின் பெயரிலேயே அந்தச் செடி இருக்கிறது. செம்மஞ்சள் சிறகு, கறுத்த நுனியில் வெள்ளைப் பட்டை. இது தணல்வரியனின் குலம். கால்களை எண்ணுங்கள்: சுடுமணலிலும் நான்கு. மலையில் பாதையோரம் புல் மட்டத்தில் பறக்கும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இறால்வண்ணனின் குலம். எண்ணுங்கள்: குளிரிலும் ஆறு. ஆகவே கால் எண்ணிக்கை குலத்துச் சொத்து, நிலம் கொடுத்ததல்ல. கூடு தொங்குவதும் இடுப்புக்கயிறு கட்டுவதும் அப்படியே.

இதே சாட்சிகளை வைத்து மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். காலை எத்தனை மணிக்கு எழுந்து பறக்கிறது? கந்தப்பளையில் மஞ்சள் பூச்சியும் வெயில் ஏறும் வரை வெளியே வருவதில்லை. மன்னாரில் பிளெயின் டைகரும் உச்சி வெயிலில் அடங்கிவிடுகிறது. அப்படியானால் நேரம் என்பது நிலம் வைத்த சட்டம். பறக்கும் விதம்? பிளெயின் டைகரும் மெதுவாகத்தான் பறக்கிறது, ஆனால் தன் செடியோடு ஒட்டிக்கிடப்பதில்லை. செடியை விட்டு நகராத குணத்தை நிலத்தின் தலையிலும் கட்ட முடியவில்லை, குலத்தின் தலையிலும் கட்ட முடியவில்லை. அது இறால்வண்ணனின் சொந்தக் குணமென்றே என் கொப்பியில் எழுதியிருக்கிறேன். நம் பிள்ளைகளைப் பார்த்து "இது எந்தத் தோட்டத்துப் பழக்கம், எந்த வீட்டுப் பழக்கம்" என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்களே, அதே கவனம்தான்.

கணக்காகவும் கொஞ்சம் பாருங்கள். ஒருமுறை கண்டது ஒன்றும் சொல்லாது. ஓர் ஊரில் 15 நிமிடப் பார்வை குறைந்தது பத்துத் தடவையாவது சேர்ந்த பிறகே "வழக்கமாக" என்ற சொல்லைக் கொப்பியில் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விதி வைத்திருக்கிறேன்.

படத்தை எங்கே வைப்பது

ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவசச் செயலியில் படத்தையும் இடத்தையும் திகதியையும் சேர்த்துப் பதியலாம். பெயர் தெரியாவிட்டாலும் அறிந்தவர்கள் வந்து சொல்வார்கள். சிறகின் மேற்பக்கம், அடிப்பக்கம், உட்கார்ந்த செடியின் இலை என்று மூன்று படம் கொடுங்கள். செடியின் படத்தைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிற்பாடு அதிகம் தேவைப்படுவது அதுதான்.

தூரப் பயணம் முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சிவனொளிபாதமலைக்கு ஏறும்போது கூட்டம் கூட்டமாக வண்ணத்துப்பூச்சிகள் மேல்நோக்கிப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் அந்த மலைக்குச் சமனல கந்த என்று பெயர். சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. கீழே அடிவாரத்தில் பார்ப்பவற்றையும் மேலே ஏறியபின் பார்ப்பவற்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதினாலே ஓர் ஒப்பீடு கைக்கு வந்துவிடும்.

ஒரு மூலை காஞ்சொறி

கடைசியாக, தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. புல்லு வெட்டும்போதும் மருந்தடிக்கும்போதும் முதலில் போவது காஞ்சொறி. கொழுந்தெடுப்பவர்களின் கையும் காலும் படும் இடத்தில் அது இருக்கக் கூடாது என்பது சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் யாரும் நடக்காத ஓடைச் சரிவில், நாலு முழ அகலத்தில் ஒரு மூலை விட்டுவைக்கலாம். எங்கள் டிவிஷன் கங்காணி ஐயாவிடம் பிள்ளைகளோடு போய்க் கேட்டேன். மடித்த இலை ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்து, உள்ளே புழுவின் நிழல் அசைவதைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், "சரி, இந்தக் கானுக்கு அந்தப் பக்கம் மருந்தடிக்க வேணாமுன்னு சொல்லிர்றேன்" என்றார். பிள்ளைகள் அந்த எல்லையில் சிவப்புத் துணி கட்டிய நான்கு குச்சிகளை நட்டார்கள். மழைக்குத் துணி கிழிந்தால் மாற்ற வேண்டும். அந்தப் பொறுப்பு இந்தத் தவணையில் தரம் 7க்கு.